கேளாமல் வரும் மாற்றம்: கைத்தொலைபேசி இற்றைப்படுத்தலும் நுகர்வோர் உரிமையும்

ஒரு தையல் இயந்திரத்தைப் பணம் கொடுத்து வாங்கி வீட்டுக்குக் கொண்டு வருகிறோம். அன்றிலிருந்து அது நம்முடைய பொருள். நாம் உறங்கும் நேரத்தில் அதைத் தயாரித்த கம்பனியின் ஆள் ஒருவர் வந்து, ஊசியை வேறிடத்தில் பொருத்தி, மிதியை இறுக்கி, "இது முன்னையதை விட நல்லது" என்று ஒரு துண்டுக் கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போவதில்லை. அப்படி எவராவது செய்தால் நாம் சும்மா இருக்கவும் மாட்டோம். ஆனால் அதே வீட்டில், மேசையில் மின்னேற்றத்துக்கு வைத்த கைத்தொலைபேசியில் இதைப் போன்ற ஒன்று நடக்கிறது. காலையில் எழுந்து பார்த்தால் எழுத்தின் வடிவம் மாறியிருக்கிறது; பொத்தான்கள் இடம் மாறியிருக்கின்றன; சில வேளை தொலைபேசியின் வேகமே குறைந்திருக்கிறது. "அப்டேட் ஆகிவிட்டது" என்று சொல்லிவிட்டு நாமும் நமது வேலையைப் பார்க்கிறோம்.

பணம் கொடுத்து வாங்கிய பொருளை, வாங்கியவரிடம் கேளாமல் விற்றவர் மாற்றலாமா? அந்த மாற்றம் நன்மைக்கானது என்றால் கேளாமலே செய்யலாமா? தீமை விளைந்தால் யார் பொறுப்பு? தகவல் தொழினுட்பம் படிப்பவர்கள் மட்டுமன்றி, தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டிய வினாக்கள் இவை.

இற்றைப்படுத்தல் என்பது என்ன?

கைத்தொலைபேசியை இயக்கும் அடிப்படை மென்பொருளைப் பணிசெயல் முறைமை என்கிறோம். அன்ட்ரொய்டும் அப்பிள் நிறுவனத்தின் ஐஓஎஸ்ஸும் இன்று உலகில் பெரும்பாலான தொலைபேசிகளை இயக்குகின்றன. பல இலட்சம் வரிகளில் எழுதப்படும் மென்பொருள் எதுவும் பிழையில்லாமல் பிறப்பதில்லை. பிழைகளைத் திருத்தியும் புதிய வசதிகளைச் சேர்த்தும் தயாரிப்பாளர் அனுப்பும் மாற்றமே இற்றைப்படுத்தல்.

எல்லா இற்றைப்படுத்தல்களும் ஒரே வகையானவை அல்ல. முதலாவது வகை, பாதுகாப்புத் திருத்தம். இது கூரையில் விழுந்த ஓட்டையை அடைப்பது போன்றது. வீட்டின் தோற்றம் மாறாது. மழை மட்டும் உள்ளே வராது. இரண்டாவது வகை, பதிப்பு மாற்றம். அன்ட்ரொய்ட் 12 இருந்த இடத்தில் 13 வருவது போல முறைமையே புதிதாகிறது. இது வீட்டின் அறைகளை இடித்து மாற்றிக் கட்டுவதற்குச் சமம். மூன்றாவது வகை, வங்கிச் செயலி, செய்திச் செயலி போன்ற தனித்தனிச் செயலிகளுக்கு வருபவை. நுகர்வோரின் எரிச்சலுக்குப் பெரிய காரணம், கூரை ஓட்டையை அடைப்பதும் அறைகளை மாற்றுவதும் பல வேளைகளில் ஒரே பொட்டலமாக வந்து சேர்வதுதான். ஒன்றை ஏற்று மற்றதை மறுக்க வழியிருப்பதில்லை.

இற்றைப்படுத்தல் ஏன் தேவை?

குறைகளைப் பேசுமுன் நியாயமாக மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2015 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அன்ட்ரொய்ட் முறைமையில் 'ஸ்டேஜ்பிரைட்' என்று பெயரிடப்பட்ட ஒரு பலவீனம் வெளிச்சத்துக்கு வந்தது. காணொளிகளைக் கையாளும் மென்பொருட் பகுதியில் இருந்த அந்தப் பிழையைப் பயன்படுத்தி, ஒரு பல்லூடகக் குறுஞ்செய்தியை அனுப்புவதன் மூலமே ஒருவரது தொலைபேசிக்குள் புக முடியும் என ஆய்வாளர்கள் காட்டினார்கள். அடுத்த மாதமே மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடப் போவதாகக் கூகுள் அறிவித்தது.

கணினி உலகில் இதை விடப் பெரிய பாடம் 2017 இல் கிடைத்தது. அவ்வாண்டு மே 12 ஆம் திகதி 'வானாக்ரை' எனும் தீநிரல் பரவி, கோப்புகளைப் பூட்டிவைத்துக் கப்பம் கேட்டது. இங்கிலாந்தின் அரச வைத்தியசாலைகள் பலவற்றில் நோயாளிகளின் சந்திப்புகளும் சத்திரசிகிச்சைகளும் தடைப்பட்டன. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் நிறுவனம் மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. திருத்தம் இருந்தும் அதைப் பொருத்தாத கணினிகளே பெருமளவில் மாட்டிக்கொண்டன.

ஆகவே, "அப்டேட்டே வேண்டாம்" என்பது விவேகமான நிலைப்பாடு அல்ல. ஒருவர் தன் தொலைபேசியைத் திறந்த கதவோடு விட்டால் இழப்பு அவரோடு நிற்பதில்லை. அதில் பெயர் பதிந்துள்ள உறவினர், நண்பர் அனைவருக்கும் அது ஆபத்து. தானியங்கி முறையை நிறுவனங்கள் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே வலுவான நியாயம். மக்களிடம் கேட்டால் பலர் "பிறகு பார்ப்போம்" என்றே தள்ளிப்போடுவார்கள்.

எரிச்சல் எங்கிருந்து வருகிறது?

அப்படியானால் மக்கள் ஏன் சினங்கொள்கிறார்கள்? முதலில், செலவு. ஒரு பதிப்பு மாற்றம் ஒன்றிரண்டு ஜிகாபைட் அளவுக்குக் கூட இருக்கும். வீட்டில் வைஃபை இணைப்பு உள்ளவருக்கு அது ஒரு பொருட்டல்ல. மாதத்துக்கு அல்லது வாரத்துக்கென முற்கொடுப்பனவு டேட்டா போடும் குடும்பத்துக்கு அது பிள்ளைகளின் பாட நேரம். 4 ஜிகாபைட் பொதியில் 2 ஜிகாபைட் அளவு இற்றைப்படுத்தலுக்குப் போனால், பாதிப் பணம் நாம் கேளாத ஒன்றுக்குச் செலவாகியிருக்கிறது. கொவிட் காலத்தில் ஒரே தொலைபேசியை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று பிள்ளைகள் மாறி மாறிப் படித்த வீடுகள் நமது நாட்டில் எத்தனையோ. அந்த வீடுகளில் டேட்டா அரிசி, மாவைப் போல அளந்து பயன்படுத்தப்பட்ட பொருள்.

அடுத்தது, இடம். குறைந்த விலைத் தொலைபேசிகளில் தேக்ககம் சிறியது. முறைமை பெருக்கப் பெருக்கப் படங்களுக்கும் பாடக் குறிப்புகளுக்கும் இடம் சுருங்குகிறது.

மூன்றாவது, பழக்கம். இளையவர்களுக்குப் புதிய தோற்றம் விளையாட்டுப் போன்றது. ஆனால் நமது உம்மம்மாமாருக்கு அப்படியல்ல. பச்சைப் பொத்தானை அழுத்தினால் மகன் பேசுவான் என்று மனத்தில் பதித்து வைத்திருப்பவருக்கு, அந்தப் பொத்தான் இடம் மாறினால் தொலைபேசியே அந்நியமாகிவிடுகிறது. "பழுதாக்கிப் போட்டேனோ" என்று அவர் தன்னையே குறை சொல்லிக்கொள்வார். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு இது இன்னும் கடினம். அவர்கள் திரையைக் கண்ணால் அல்ல, நினைவால் பயன்படுத்துகிறார்கள்.

நான்காவது, வேகக் குறைவு. புதிய முறைமை புதிய தொலைபேசிகளின் வலுவான முறைவழியாக்கியை மனத்திற் கொண்டு எழுதப்படுகிறது. அது பழைய தொலைபேசியில் ஏறும்போது, சிறு கழுதையின் முதுகில் பெருஞ்சுமை ஏற்றியது போலாகிறது.

அப்பிள் நிறுவனமும் பற்றரியும்

இந்தப் பிரச்சினையின் உண்மையான முகத்தை உலகுக்குக் காட்டிய நிகழ்வு 2017 இல் நடந்தது. ஐபோன் 6, 6எஸ் வகைத் தொலைபேசிகள் சில, பற்றரியில் மின் இருக்கும்போதே திடீரென நின்றுபோயின. பழைய பற்றரியால், முறைவழியாக்கி உச்ச வேகத்தில் இயங்கும் கணத்தில் தேவைப்படும் மின்னோட்டத்தைக் கொடுக்க முடியாமற் போனதே காரணம். இதற்குத் தீர்வாக 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1 என்ற இற்றைப்படுத்தலின் மூலம், பற்றரி தேய்ந்த தொலைபேசிகளின் உச்ச வேகத்தை அப்பிள் குறைத்தது. தொலைபேசி நிற்பது குறைந்தது, ஆனால் மெதுவானது. வேகம் குறைக்கப்பட்டதை நிறுவனம் பயனர்களுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை.

அந்த ஆண்டு டிசம்பரில், தொலைபேசிகளின் வேகத்தை அளக்கும் செயலியொன்றை உருவாக்கிய ஜோன் பூல் என்பவர், தன்னிடம் சேர்ந்த அளவீடுகளை வரைபுகளாக வெளியிட்டார். ஒரே மாதிரித் தொலைபேசிகள் முறைமையின் பதிப்புக்கேற்ப வெவ்வேறு வேகங்களைக் காட்டின. இரண்டு நாட்களில் அப்பிள் உண்மையை ஒப்புக்கொண்டது; டிசம்பர் 28 இல் மன்னிப்புக் கோரியது. பற்றரி மாற்றும் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29 டொலராகக் குறைத்தது. 2018 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 11.3 இல் பற்றரியின் நிலையைப் பயனரே பார்க்கவும் வேகக் குறைப்பை நிறுத்தவும் வசதி செய்யப்பட்டது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அப்பிள் சொன்ன தொழினுட்பக் காரணம் பொய்யானதல்ல. ஒரு தேய்ந்த பற்றரியைக் காப்பாற்ற வேகத்தைக் குறைப்பது அறிவுபூர்வமான வழிதான். தவறு, சொல்லாமல் செய்ததில் இருக்கிறது. புதிய பற்றரி போட்டால் தொலைபேசி பழைய வேகத்துக்கு வரும் என்று தெரியாதவர், பல நூறு டொலர் கொடுத்துப் புதிய தொலைபேசி வாங்கியிருப்பார். தகவலை மறைப்பது இன்னொருவரின் பணப்பையைத் தொடுவதற்குச் சமம்.

சட்டமும் அப்படித்தான் பார்த்தது. 2018 ஒக்டோபரில் இத்தாலியின் போட்டி மற்றும் நுகர்வோர் அதிகார சபை அப்பிளுக்கு 10 மில்லியன் யூரோவும் சம்சுங்குக்கு 5 மில்லியன் யூரோவும் அபராதம் விதித்தது. ஐபோன் 7 இற்கென உருவாக்கப்பட்ட முறைமையை ஐபோன் 6 வைத்திருந்தவர்களும், நோட் 7 இற்கெனத் தயாரான முறைமையை நோட் 4 வைத்திருந்தவர்களும் நிறுவுமாறு இந்நிறுவனங்கள் தொடர்ந்து வற்புறுத்தின, விளைவுகளைச் சொல்லவில்லை, முன்னைய நிலைக்குத் திரும்ப வழியும் தரவில்லை என்பதே குற்றச்சாட்டின் சாரம். 2020 பெப்ரவரியில் பிரான்ஸ் அப்பிளுக்கு 25 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது. அதே ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில், நுகர்வோர் தொடுத்த வழக்கை முடிக்க 500 மில்லியன் டொலர் வரை செலுத்த அப்பிள் இணங்கியது.

பாதுகாப்பின் பெயரால்

இன்னும் சிக்கலான ஒரு நிலையும் உண்டு. 2016 இல் சம்சுங் நிறுவனத்தின் கலக்சி நோட் 7 தொலைபேசிகள் தீப்பற்றியதால் அவை திரும்பப் பெறப்பட்டன. சிலர் அப்போதும் அவற்றைத் திருப்பிக் கொடுக்கவில்லை. டிசம்பரில் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ஓர் இற்றைப்படுத்தல், எஞ்சியிருந்த தொலைபேசிகள் மின்னேற்றம் பெறாதபடி செய்தது. தீப்பிடிக்கக்கூடிய ஒரு பொருள் விமானத்திலோ வீட்டிலோ இருப்பது பிறருக்கும் ஆபத்து. அதற்கான பணத்தைத் திருப்பித் தரவும் நிறுவனம் ஆயத்தமாக இருந்தது. காரணம் வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. ஆகவே இதைப் பெரும்பாலோர் நியாயமென ஏற்பர்.

2025 ஜனவரியில் கூகுளின் பிக்சல் 4ஏ தொலைபேசிகளுக்கு ஒரு தானியங்கி இற்றைப்படுத்தல் வந்தது. அது பாதிக்கப்பட்ட சில தொலைபேசிகளின் பற்றரிக் கொள்ளளவை வெகுவாகக் குறைத்தது. ஒரு நாள் தாங்கிய தொலைபேசியைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மின்னேற்ற வேண்டியதாயிற்று என்று பலர் முறையிட்டனர். இலவசப் பற்றரி, பணம், புதிய தொலைபேசிக்குக் கழிவு என மூன்று தெரிவுகளைக் கூகுள் கொடுத்தது உண்மை. ஆனால் முதலில் அது சொன்ன காரணம் பற்றரியின் 'நிலைத்தன்மையை' மேம்படுத்துவது என்பதே. சூடேறும் அபாயம் என்ற விளக்கம் பின்னரே தெளிவாகியது. பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியும் அடைக்கப்பட்டது.

இரண்டிலும் நோக்கம் பாதுகாப்புத்தான். ஒன்றில் நுகர்வோருக்கு முதலிலேயே உண்மை சொல்லப்பட்டது. மற்றதில் அவர்கள் ஊகிக்க விடப்பட்டார்கள்.

திரும்பிப் போக ஏன் முடிவதில்லை?

"பிடிக்காவிட்டால் பழையதைப் போட்டுக்கொள்ளலாமே" என்று கேட்கத் தோன்றும். ஐபோனில் நிறுவப்படும் ஒவ்வொரு பதிப்பையும் அப்பிளின் சேவையகம் இலக்கமுறைக் கையொப்பமிட்டு அனுமதிக்க வேண்டும். புதிய பதிப்பு வந்து சிறிது காலத்தில் பழையதற்குக் கையொப்பம் நிறுத்தப்படும். அன்ட்ரொய்டிலும் பழைய பதிப்பைத் தடுக்கும் பாதுகாப்பு முறை உண்டு. இதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது: திருடன் ஒருவன் தொலைபேசியில் ஓட்டையுள்ள பழைய பதிப்பை ஏற்றி உள்ளே புகுவதை இது தடுக்கிறது. ஆனால் விளைவு என்ன? சம்மதம் ஒரு வழிப் பாதையாகிறது. ஒரு முறை "ஆம்" என்றால் மீள முடியாது. "ஆம்" என்று சொல்லாமலே நடந்தாலும் மீள முடியாது.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 2021 இல் ஐஓஎஸ் 15 வெளிவந்தபோது, விரும்பியவர்கள் ஐஓஎஸ் 14 இலேயே இருந்துகொண்டு பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பெற அப்பிள் இடமளித்தது. சில மாதங்களில் அந்த வாய்ப்பை விலக்கிக்கொண்டது. கூரை ஓட்டையை அடைப்பதையும் அறைகளை மாற்றுவதையும் தனித்தனியே செய்ய முடியும் என்பதற்கு அதுவே சான்று. முடியாததல்ல; தொடரவில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, ஒரு தொலைபேசி மாதிரியின் விற்பனை முடிந்த பின்னரும் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு அதற்கு முறைமை இற்றைப்படுத்தல் கிடைக்க வேண்டும். இற்றைப்படுத்தலை மறுத்தார் என்பதற்காக ஒருவரது தொலைபேசியின் செயற்றிறன் குறைக்கப்படவும் கூடாது. கட்டாயமாக வரும் இற்றைப்படுத்தல் ஒரு துன்பம் என்றால், இற்றைப்படுத்தலே வராமல் கைவிடப்படுவது இன்னொரு துன்பம். அந்த விதிகள் இரண்டையும் நோக்குகின்றன.

நமது நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் உள்ளது. வியாபாரத்தில் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையை அது தடைசெய்கிறது. ஆனால் முதல் ஐபோன் 2007 இலும் முதல் அன்ட்ரொய்ட் தொலைபேசி 2008 இலும் வந்தன. விற்ற பின்னும் விற்றவரின் கையில் பாதி இருக்கும் ஒரு பொருளை மனத்திற் கொண்டு அந்தச் சட்டம் எழுதப்படவில்லை. இக்காலத்துக்கேற்ப இற்றைப்படுத்தப்பட வேண்டியவற்றுள் சட்டமும் ஒன்று.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

சட்டம் வரும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. அன்ட்ரொய்ட் தொலைபேசியில் பிளே ஸ்டோரின் அமைப்புகளுக்குள் சென்று, செயலிகள் வைஃபையில் மட்டும் இற்றைப்படும்படி மாற்றலாம். தொலைபேசியின் அமைப்புகளில் மென்பொருள் இற்றைப்படுத்தல் பகுதியிலும் இதே போன்ற தெரிவு பல மாதிரிகளில் உண்டு. ஐபோனில் பொது அமைப்புகளின் கீழ், தானாகத் தரவிறக்குவதையும் தானாக நிறுவுவதையும் தனித்தனியே நிறுத்தலாம்.

ஆனால் நிறுத்தியதோடு மறந்துவிடக் கூடாது. மாதம் ஒரு நாளைக் குறித்து, வைஃபை உள்ள இடத்தில் பாதுகாப்புத் திருத்தங்களை நாமே நிறுவ வேண்டும். பெரிய பதிப்பு மாற்றம் வந்தால் சில வாரம் பொறுத்து, அதே மாதிரி வைத்திருப்பவர்களின் அனுபவத்தை விசாரித்துக்கொள்வது நல்லது. நிறுவுமுன் படங்களையும் குறிப்புகளையும் வேறோரிடத்தில் பிரதி எடுத்து வைக்க வேண்டும். பரீட்சைக்கு முந்திய இரவு அதற்கு உகந்த நேரமல்ல. வீட்டிலுள்ள முதியவர்களின் தொலைபேசி மாறியிருந்தால், பக்கத்தில் அமர்ந்து பொறுமையாகக் காட்டிக் கொடுப்பது பிள்ளைகளாகிய நமது கடமை. "நீங்கள் ஒன்றும் பழுதாக்கவில்லை" என்ற ஒரு சொல் அவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

வாங்கும்போது பெற்றோர் கேட்க வேண்டிய ஒரு கேள்வியும் உண்டு: "இதற்கு எத்தனை ஆண்டுகளுக்கு இற்றைப்படுத்தல் வரும்?" கூகுள் பிக்சல் 8 இற்கும் சம்சுங் கலக்சி எஸ்24 இற்கும் 7 ஆண்டுகள் என அந்நிறுவனங்கள் அறிவித்தன. குறைந்த விலைத் தொலைபேசிகளில் இது மிகக் குறைவாக இருக்கலாம். கமராவின் தரத்தைக் கேட்பது போல இதையும் கேட்டுப் பழக வேண்டும்.

அனுமதி கேட்கும் பண்பு

ஒரு வீட்டுக்குள் நுழையுமுன் ஸலாம் சொல்லி, அனுமதி கிடைத்த பின்னரே காலடி வைக்க வேண்டும் என்று சிறு வயதிலேயே நமக்குப் பழக்கப்படுத்துகிறார்கள். நல்ல செய்தி கொண்டு வருபவருக்கும் அந்த ஒழுங்கு பொருந்தும். கையில் பரிசு இருக்கிறது என்பதற்காக எவரும் கதவைத் தள்ளிக்கொண்டு வருவதில்லை. தொலைபேசி இன்று வீட்டை விட அந்தரங்கமானது. குடும்பப் படங்களும் வங்கிக் கணக்கும் நண்பர்களோடு பேசிய பேச்சும் அதற்குள் இருக்கின்றன.

நிறுவனங்களிடம் நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. என்ன மாறப்போகிறது என்று எங்கள் மொழியில், எளிமையாகச் சொல்லுங்கள். பாதுகாப்புத் திருத்தத்தையும் தோற்ற மாற்றத்தையும் பிரித்துத் தாருங்கள். ஆபத்தின் காரணமாகக் கட்டாயப்படுத்த நேர்ந்தால் அந்த ஆபத்தை முதலிலேயே அறிவியுங்கள். பொருளின் பெறுமதி குறைந்தால் ஈடு செய்யுங்கள். இந்த நான்கையும் செய்யும் நிறுவனத்தின் இற்றைப்படுத்தலை யாரும் வெறுக்கப் போவதில்லை. நம் பங்குக்கு, திரையில் வரும் அறிவித்தலை வாசிக்காமலே "சம்மதம்" என்பதை அழுத்தும் வழக்கத்தை விட வேண்டும். எதற்குச் சம்மதிக்கிறோம் என்று அறிந்தவரால் மட்டுமே, சம்மதம் கேட்கப்படாதபோது ஏன் என்று கேட்க முடியும்.